காய்த்துப்போன கைகளுக்கும் கிற்றார் இணங்கும்

வயது அறுபதைத் தாண்டிய ஒருவர் கிற்றாரைக் கையில் எடுத்தால் எம்மவர் மத்தியில் முதலில் எழுவது சிரிப்புத்தான். "அப்புவுக்கு இப்பதான் இளமை திரும்புது" என்று பேரப்பிள்ளைகள் பகிடி விடுவார்கள். "செபமாலை பிடிக்கிற வயதிலை உதென்ன கூத்து?" என்று மனைவியார் கேட்பார். எடுத்தவரும் வெட்கப்பட்டு அதைத் திரும்பவும் வைத்துவிடுவார்.

இந்தப் பகிடிக்குப் பின்னால் இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. இசையைச் சின்ன வயதில் பழக வேண்டும், இடையில் விட்டால் விட்டதுதான் என்பது ஒன்று. நாற்பது வருடம் மண்வெட்டி பிடித்து, தண்ணீர் கட்டி, களை பிடுங்கிக் காய்த்துப்போன விரல்கள் இனிக் கம்பிக்கு வளையாது என்பது மற்றையது. இரண்டையும் எமது பெரியவர்கள் உண்மை என்றே நம்பி இருக்கிறார்கள். அவை உண்மையல்ல என்பதை, இதே நிலையில் இருந்த சிலரின் வாழ்க்கையைக் கொண்டும், கிற்றார் என்ற வாத்தியம் வேலை செய்யும் விதத்தைக் கொண்டும் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதை எழுதுவது பொருத்தமா என்று எம்மிடம் கேட்டவர்களும் உண்டு. காணி, வீடு, கிணறு, விதை என்று எத்தனையோ இருக்க, கிற்றார் எதற்கு என்பது நியாயமான கேள்வி. ஆனால் இழந்தவற்றின் பட்டியலில் இதுவும் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. 1960களின் இறுதியிலும் 1970களிலும் எமது நாட்டில் தமிழ்ப் பொப்பிசை பிறந்து வளர்ந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பாட்டுக்களை ஊருக்கு ஊர் இளைஞர்கள் கிற்றாரோடு பாடினார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் வழிபாடு தாய்மொழிக்கு மாறியபோது, பல கோவில்களின் பாடகர் குழுக்களுக்குள்ளும் கிற்றார் நுழைந்தது. அன்று இருபது வயதாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். இடையில் அவர் 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியிருப்பார். அல்லது 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு, அல்லது 2009 இல் வன்னியை விட்டு. சைக்கிள் கரியரில் பாயும் சட்டிபானையும் காணி உறுதியும் விதைநெல்லும் ஏறின. கிற்றாருக்கு இடமிருக்கவில்லை. இடமிருந்தாலும் அதை ஏற்றியிருந்தால் வீட்டார் கல்லெறிந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் பாட்டு வராமல் போனது எவரதும் குற்றமல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் "பாடுங்கோ" என்று சொல்வது அறிவுமல்ல, அன்புமல்ல. விருப்பம் இருந்தும் "இனி எங்கே" என்று இருப்பவர்களுக்காகவே நாம் எழுதுகிறோம்.

வீட்டு வேலைக்காரியின் கிற்றார்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1893 இல் பிறந்த கறுப்பினப் பெண் எலிசபெத் கொட்டன். வறிய குடும்பம். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுச் சிறுமியாகவே வெள்ளையர் வீடுகளில் வேலைக்குப் போனார். கிடைத்த சம்பளத்தில் மிச்சம் பிடித்து 3 டொலர் 75 சதத்துக்கு ஒரு கிற்றார் வாங்கினார். அவருக்கு இடக்கைப் பழக்கம். வலக்கைக்காரருக்கெனச் செய்த கிற்றாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து, தானாகவே வாசிக்கப் பழகினார். மற்றவர்கள் பெருவிரலால் அடிக்கும் கீழ்ச்சுரங்களை அவர் விரல்களால் அடித்தார். மற்றவர்கள் விரல்களால் எடுக்கும் மெட்டை அவர் பெருவிரலால் எடுத்தார். 'பிறெயிட் ரெயின்' என்ற அவருடைய புகழ்பெற்ற பாட்டு அந்தச் சிறுவயதில் வீட்டுக்குக் கிட்ட ஓடிய சாமான் புகையிரதத்தைப் பற்றி அவர் கட்டியது.

பிறகு கலியாணம், பிள்ளை, வேலை. அவர் போன ஆலயத்துப் பெரியவர்கள், உலகப் பாட்டுக்களை விட்டுவிடும்படி அவரிடம் சொன்னார்கள். திருச்சபையின் பத்திரிகையான நாம் இதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அவர் கீழ்ப்படிந்து கிற்றாரை வைத்துவிட்டார். பல பத்து ஆண்டுகள் அதைத் தொடவில்லை என்றே சொல்லலாம்.

1940களில் வொஷிங்டன் நகரில் ஒரு கடையில் அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது, கூட்டத்தில் தவறிப்போன ஒரு சிறுமியைக் கண்டு தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய் இசையமைப்பாளரான ரூத் குறோபோர்ட் சீகர். அந்த அறிமுகத்தால் சீகர் வீட்டிலேயே அவருக்குச் சமையல், துப்புரவு வேலை கிடைத்தது. அது பிள்ளைகள் எல்லாரும் பாடும் வீடு. சுவரில் ஒரு கிற்றார் தொங்கியது. வேலைக்கிடையில் அதை எடுத்துத் தட்டிப் பார்த்தார். விரல்கள் மறந்திருந்தன; காது மறக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் திரும்பி வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரான மைக் சீகர் அவருடைய வாசிப்பை ஒலிப்பதிவு செய்ய, 1958 இல் முதலாவது இசைத்தட்டு வந்தது. அப்போது அவருக்கு 65 வயது. மேடையேறி ஊர் ஊராக வாசித்தது அதற்குப் பிறகுதான். 1985 இல், தொண்ணூறு வயதையும் தாண்டிய பிறகு, கிரமி விருது பெற்றார். 1987 யூன் மாதம் காலமானார்.

அதே 1893 இல் ஸ்பெயினில் பிறந்து, அதே 1987 யூன் மாதத்தில் இறந்த இன்னொரு கிற்றார் கலைஞர் அன்ட்ரேஸ் செகோவியா. அவர் உலகப் பெருமேடைகளின் மகாவித்துவான், இவர் வீட்டு வேலை செய்தவர். இருவரும் தொண்ணூறுக்குப் பிறகும் வாசித்தார்கள். செகோவியாவைப் பற்றி எழுதியவர்கள் பலர். எமக்கோ கொட்டனின் கதைதான் கிட்டியது.

கமக்காரர் ஒருவர்

மிசிசிப்பி மாநிலத்தில் அவலோன் என்ற சிறு கிராமத்தில் வாழ்ந்தவர் ஜோன் ஹேர்ட். மற்றவர் காணியில் வாரத்துக்குப் பயிர் செய்தவர், கூலிவேலையும் செய்தவர். ஒன்பது வயதளவில் கிற்றார் பழகி, ஊர்க் கொண்டாட்டங்களில் வாசித்து வந்தார். 1928 இல் ஒரு கம்பனி அவரை அழைத்துப் போய் மெம்பிஸிலும் நியூயோர்க்கிலும் பாட்டுக்களைப் பதிவு செய்தது. தட்டுக்கள் பெரிதாக விற்கவில்லை. அடுத்த வருடம் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. அவர் ஊருக்குத் திரும்பி முன்போலவே தோட்ட வேலையும் மாடுமாக இருந்தார். ஏறக்குறைய 35 வருடங்கள் வெளியுலகத்தில் எவரும் அவரைத் தேடவில்லை.

1963 இல் அந்தப் பழைய தட்டொன்றில் 'அவலோன்' என்ற ஊர்ப் பெயரைக் கேட்ட ஓர் இளைஞர் தேடிப்போய் அவரைக் கண்டுபிடித்தார். ஹேர்ட்டுக்கு அப்போது எழுபதளவு வயது. சொந்தமாகக் கிற்றாரும் இருக்கவில்லை. வந்தவரின் கிற்றாரை வாங்கி வாசித்துக் காட்டினார். அந்த வருடமே நியூபோர்ட் இசைவிழாவில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் அமர்ந்து வாசித்தார். 1966 நவம்பரில் இறக்கும் வரை வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய வாசிப்பைக் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அதில் வேகம் காட்டும் எண்ணமே இல்லை. பெருவிரல் நடை பிசகாமல் கீழ்க்கம்பிகளில் போய்வரும், மற்ற விரல்கள் மெட்டைச் சொல்லும். நாள் முழுக்க வேலை செய்த மனிதர் மாலையில் திண்ணையில் இருந்து கதைப்பதைப் போல இருக்கும். முதியவர்களுக்கு முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது இந்த வாசிப்பே என்பது எமது அபிப்பிராயம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இளைஞர்கள் காட்டும் வேகத்தோடு போட்டி போடப் போனால் ஒரு கிழமையில் மனம் வெறுத்துவிடும்.

கையை மாற்றாதீர்கள், கிற்றாரை மாற்றுங்கள்

இனி அந்த இரண்டாவது எண்ணத்துக்கு வருவோம். எம்மவரில் பலருக்கு விரல்கள் தடித்துவிட்டன. சிலருக்கு மூட்டு வீக்கம். செல்லாலும் கண்ணிவெடியாலும் விரல் இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஜாங்கோ ரைன்ஹார்ட் ஐரோப்பாவின் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். 1928 இல், தமது 18 ஆவது வயதில், குடியிருந்த வண்டி தீப்பற்றியதால் இடக்கையின் மோதிர விரலும் சின்னி விரலும் முடங்கிப் போயின. மிச்சமிருந்த இரண்டு விரல்களைக் கொண்டு வாசிப்பை முதலில் இருந்து அமைத்து, உலகம் வியந்த கலைஞரானார். 1965 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்த 17 வயது இளைஞர் ரொனி அயோமிக்கு இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகள் போயின. ஜாங்கோவின் இசைத்தட்டைக் கேட்டுத் தைரியம் கொண்ட அவர், பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்களுக்கு மூடி செய்தார், மேலே தோல் ஒட்டினார். மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். பிறகு கம்பிகளின் சுருதியையும் இறக்கினார். அவருடைய குழுவின் இசை எமது காதுக்கு இரைச்சல்தான். ஆனால் அவர் செய்த வேலையில் ஒரு நல்ல கமக்காரனின் புத்தி இருக்கிறது. நிலம் மாறாவிட்டால் பயிரை மாற்றுகிறோம் அல்லவா?

வயதான கைகளுக்கு முதலில் செய்ய வேண்டியது சுருதியை இறக்குவதே. இதற்குச் செலவில்லை. எல்லாக் கம்பிகளையும் அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை ஏறக்குறைய நூற்றுக்கு 11 பங்கு குறையும். ஒரு முழுச்சுரம் இறக்கினால் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் குறையும். விரலுக்கு இது பெரிய ஆறுதல். வயது போகப் போக உச்சச் சுரங்களை எட்டிப் பாடுவது பலருக்குக் கடினமாவதால், பாடுவதற்கும் அதுவே வசதி.

கழுத்தின் மேல்முனையில் பிறெற் என்ற உலோகக் கட்டைகளுக்கிடையே இடைவெளி அதிகம். வழக்கமான கிற்றாரில் முதலாவது கட்டை ஏறக்குறைய 36 மில்லிமீற்றர் அகலம், மூன்றாவது 32 மில்லிமீற்றர். விரல் விரியாதவர்கள் இரண்டாவது கட்டையில் கேப்போ என்ற பிடியைப் பூட்டினால், நெருங்கிய இடத்தில் வாசிக்கலாம். இறக்கிய சுருதியும் பழைய இடத்துக்கு வந்துவிடும். கேப்போ வாங்க வசதியில்லாதவர்கள் ஒரு பென்சிலைக் கம்பிகளின் மேல் குறுக்காக வைத்து, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய றப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டலாம். பார்வைக்கு அழகில்லை, வேலை செய்யும்.

கம்பி விடயத்தில் ஒரு எச்சரிக்கை. கிற்றாரில் இரண்டு இனம் உண்டு. உருக்குக் கம்பிக் கிற்றார் ஒன்று, நைலோன் கம்பிக் கிற்றார் மற்றது. முன்பு மிருகக் குடலில் இருந்தே மென்கம்பிகள் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது குடல்நூல் காயம் தைப்பதற்குத் தேவைப்பட்டதால் தட்டுப்பாடு வந்தது. அதனால் 1940களில் நியூயோர்க்கில் அல்பேர்ட் ஒகஸ்டீன் என்பவர் எமது மீனவர் பாவிக்கும் தங்கூசியைப் போன்ற நைலோனில் கம்பி செய்தார். செகோவியா அதற்கு ஆதரவு கொடுத்தார். நைலோன் கம்பியின் இழுவிசை உருக்குக் கம்பியின் இழுவிசையில் ஏறக்குறைய பாதிதான். தடித்த விரல்களுக்குக் கழுத்தும் அகலமாக இருக்கும். புதிதாகத் தொடங்கும் முதியவருக்கு நாம் சொல்வது நைலோன் கிற்றாரையே. ஆனால் நைலோன் கிற்றாரில் உருக்குக் கம்பி பூட்டவே கூடாது. சத்தம் கூடும் என்று சிலர் பூட்டுகிறார்கள். சில மாதங்களில் பாலம் பிடுங்கிக்கொண்டு வரும், அல்லது கழுத்து வில்லைப் போல வளையும்.

ஏற்கெனவே உருக்குக் கம்பிக் கிற்றார் வைத்திருப்பவர்கள், கடையில் 0.010 அங்குலம் என்று கேட்டு மெல்லிய கம்பித் தொகுதியை வாங்கிப் பூட்டலாம். பன்னிரண்டாவது கட்டையில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்றும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டு, இரண்டரை மில்லிமீற்றர் அளவாக இருந்தால் நல்லது. மலிவான கிற்றார்களில் நாலு, ஐந்து மில்லிமீற்றரும் இருக்கும். இளைஞருக்கே விரல் நோகும் உயரம் அது. பாலத்தில் உள்ள எலும்புத் துண்டை, அல்லது பிளாஸ்ரிக் துண்டை வெளியே எடுத்து, அடிப்பக்கத்தை அரத்தாளில் மட்டமாகத் தேய்த்துத் திரும்பப் போட்டால் கம்பி இறங்கும். கொஞ்சமாகத் தேய்த்து, போட்டுப் பார்த்து, மீண்டும் தேய்க்க வேண்டும். கூடத் தேய்த்தால் கம்பி கட்டைகளில் அடித்துக் கரகரக்கும்.

ஒரு விரல் போதும்

விரல்கள் மடங்காதவர்களுக்கும், விரல் இழந்தவர்களுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. ஆறாவது, ஐந்தாவது, முதலாவது கம்பிகளை மட்டும் ஒரு முழுச்சுரம் இறக்குங்கள். இப்போது தடித்த கம்பியில் இருந்து டீ, ஜீ, டீ, ஜீ, பீ, டீ என்று வரும். எதையும் பிடிக்காமல் எல்லாக் கம்பிகளையும் வருடினாலே ஒரு முழுமையான கோட் கேட்கும். ஐந்தாவது கட்டையில் எல்லாக் கம்பிகளையும் குறுக்காக அழுத்தினால் இரண்டாவது கோட், ஏழாவதில் அழுத்தினால் மூன்றாவது. எமது பைலாப் பாட்டுக்களிலும் கோவில் பாட்டுக்களிலும் பெரும்பகுதிக்கு இந்த மூன்றே போதும்.

அழுத்தவும் முடியாதவர்கள் கிற்றாரை மடியில் மல்லாக்க வைத்து, கழுத்தின் மேல்முனையில் கம்பிகளுக்கு அடியில் ஒரு தடித்த ஆணியை நுழைத்துக் கம்பிகளை உயர்த்திவிட்டு, வழுவழுப்பான இரும்புக் குழாய்த் துண்டை அவற்றின் மேல் வழுக்கி வாசிக்கலாம். ஹவாய்த் தீவுக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த முறை இது. எமது கோட்டுவாத்தியமும் இதே தத்துவம்தான். கட்டையின் நேர் மேலே குழாய் நிற்க வேண்டும், கட்டைகளுக்கு நடுவில் அல்ல. காது நல்லாயிருந்தால் இரண்டு கிழமையில் பழகிவிடும்.

வவுனியாப் பக்கம் நாம் சந்தித்த ஒரு பெரியவருக்கு இடக்கைச் சுட்டு விரலில் பாதி இல்லை. ஒரு காலத்தில் வெங்காயம் செய்தவர். இப்போது மருமகனுடைய வளவில் இருக்கிறார். "ஐயா, கம்பி அழுத்த விரல் நோகேல்லையோ?" என்று கேட்டோம். "மண்வெட்டி பிடிச்ச கை தம்பி. கம்பிக்குத்தான் நோகும்" என்றார். ஆனால் உண்மையைச் சொன்னால், மண்வெட்டியின் காய்ப்பு உள்ளங்கையில்தான் இருக்கும். கம்பிக்குக் காய்க்க வேண்டியது விரல் நுனி. அவருக்கும் மூன்று கிழமை நொந்துதான் இருக்கிறது. பிறகு நாமாகக் கேட்காமலே அதைச் சொன்னார்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

ஒரே இருப்பில் ஒரு மணித்தியாலம் வாசிப்பதைவிட, காலையும் மாலையும் பத்து, பதினைந்து நிமிடம் வாசிப்பது முதியவர்களுக்கு நல்லது. காலையில் மூட்டு இறுகி இருப்பவர்கள் கையை இளஞ்சூட்டு நீரில் சற்று நேரம் வைத்துத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு தொடங்கலாம். ஈரத்தில் ஊறிய விரலைக் கம்பி வெட்டிவிடும். வயல் வேலை கடுமையான நாட்களில் ஓய்வு எடுப்பதில் தவறில்லை. நுனி விரல் எரிவது வேறு, மூட்டு வலிப்பது வேறு. முன்னையது போய்விடும். மூட்டில் அல்லது பெருவிரல் அடியில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். விரல் நுனியில் உணர்வு குறைந்திருந்தால் தோல் வெடித்தது தெரியாமல் போகலாம், புண் ஆற நாள் எடுக்கும். வாசித்து முடிந்ததும் விரல்களைப் பாருங்கள். இரவில் கை விறைத்து எழுப்பினாலோ, மடக்கிய விரல் நிமிராமல் பொறுத்துக்கொண்டாலோ ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அது கிற்றாரால் வந்தது என்று நினைத்து மறைக்க வேண்டாம்.

செவிப்புலனைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயதாகும்போது முதலில் குறைவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். அதனால்தான் பேச்சில் 'ச', 'த', 'ப' என்ற எழுத்துக்கள் பிடிபடாமல், "என்ன சொன்னனி?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம். வீட்டார் சினக்கிறார்கள், பெரியவர் கதையைக் குறைத்துக்கொண்டு ஒதுங்குகிறார். செல் வெடிப்புகளுக்குக் கிட்ட இருந்தவர்களுக்கு இது இன்னும் முந்தியே வரும், காதில் ஓயாத இரைச்சலும் இருக்கலாம். கிற்றாரின் அடிப்படை ஒலிகள் வினாடிக்கு ஏறக்குறைய 80 அதிர்வில் தொடங்கி 1,000 அளவோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. முதிய காதுகளில் நெடுங்காலம் நிலைத்திருக்கும் பகுதியே அது. போதாததற்குப் பெட்டியின் அதிர்வு நெஞ்சிலும் தெரியும். சபையில் கதை விளங்காமல் பேசாமல் இருக்கும் பெரியவர், அதே சபையில் கிற்றாரோடு சேர்ந்து பிழையில்லாமல் பாடக் காண்கிறோம்.

பாட்டைத் தெரிவு செய்யும்போதும் இதை நினைவில் கொள்ளலாம். இளமையில் கேட்ட பாட்டுக்களே மனதில் ஆழமாகப் பதிந்திருக்கும். புதுப் பாட்டுக்குச் சொற்களையும் மெட்டையும் கோட்டையும் ஒன்றாகப் பழக வேண்டும். பழைய பாட்டுக்கு விரல் வேலை மட்டுமே மிச்சம். எனவே பழையதில் தொடங்குங்கள். பெண்களுக்கும் இதையே சொல்கிறோம். "பொம்பிளைப் பிள்ளைக்கு உது எதுக்கு" என்று அன்று தடுக்கப்பட்டவர்கள் பலர். இன்று தடுப்பதற்குத் தகப்பனும் இல்லை, தமையனும் இல்லை. கொட்டன் அம்மையார் ஒரு பேத்தியின் பாட்டியாக இருந்தே திரும்பத் தொடங்கினார்.

வீடுகள் நெருங்கியிருக்கும் குடியிருப்புகளில் அயலவரையும் நினைக்க வேண்டும். அடுத்த வீட்டில் துக்கம் இருக்கலாம், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். பாலத்துக்குக் கிட்ட கம்பிகளின் கீழ் ஒரு துணித்துண்டைச் செருகினால் சத்தம் பாதியாகும். தட்டுக் கொண்டு அடிக்காமல் விரலால் வாசித்தால் இன்னும் குறையும். சுருதி கூட்டத் தெரியாவிட்டால், இப்போது கைத்தொலைபேசியிலேயே அதற்கு வசதி இருக்கிறது. பேரப்பிள்ளையிடம் கேளுங்கள். பகிடி விட்ட பிள்ளைக்கு ஒரு வேலையும் கிடைக்கும்.

வாங்குவதும் பேணுவதும்

புதிதாக வாங்கப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. பாவித்த கிற்றார் நல்லதாகவே கிடைக்கும். தச்சன் பலகையை ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதைப் போல, கழுத்தின் நுனியில் இருந்து நீளப் பாருங்கள். முறுகி இருந்தால் வேண்டாம். பாலத்தின் பின்புறம் ஒட்டு விட்டிருக்கிறதா என்று ஒரு கடதாசியைச் செருகிப் பாருங்கள். கடதாசி உள்ளே போனால் விலையைக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். நிறம், பூ வேலைப்பாடு ஒன்றும் சத்தத்தைக் கூட்டாது. சில கோவில்களின் பின்னறையில் கம்பி அறுந்த கிற்றார்கள் தூசு படிந்து கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். பங்குத் தந்தையிடம் கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை.

தகரக் கூரைக்கு நேர் கீழே தொங்கவிட வேண்டாம். பகல் வெக்கையில் பசை இளகிப் பாலம் கிளம்பும். மண்சுவரில் சாத்தினால் கறையான் வரும். மாரியில் மரம் ஈரத்தை இழுத்து ஊதும். துணிப் பொட்டலத்தில் கரித்துண்டு கட்டிக் கிற்றாருக்குப் பக்கத்தில் வைத்தால் ஓரளவு காக்கும். வறுத்த அரிசியும் வைப்பார்கள், ஆனால் அரிசிக்கு எலி வரும். பல நாள் வாசிக்காமல் வைப்பதென்றால் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.

வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளைத் துடைத்தால் வியர்வையின் உப்பு போய்விடும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. உருக்குக் கிற்றாரின் தடித்த, சுற்றுக் கம்பிகள் அழுக்கேறி மந்தமானால் எறிய வேண்டாம். கழற்றிப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு, வெயிலில் நன்றாக உலர்த்திப் பூட்டினால் இன்னும் சில கிழமைக்குச் சத்தம் தரும். நைலோன் கம்பியை இப்படி அவிக்க வேண்டாம், கெட்டுவிடும்.